பாட்டியின் குரலும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கும்

பாட்டி எங்களை விட்டுப் போய் இந்த ஆண்டோடு பத்து ஆண்டுகள். திதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பெரியப்பா அழைத்தார். "நீதான் ரேடியோவுல இருக்கியே, அம்மா பேசினத பதிவு பண்ணி வச்சிருந்தேல்ல? அன்னிக்கு எல்லாரும் கேக்குற மாதிரி போட்டுரும்மா" என்றார். சரி பெரியப்பா என்று உடனே சொல்லிவிட்டேன். ஒலியோடு பிழைப்பு நடத்துகிறவளுக்கு அது என்ன பெரிய வேலை?

2014இல் ஊடகத்துறை இறுதியாண்டு மாணவியாக இருந்தபோது செய்த பதிவு அது. சுங்கை சிப்புட் பக்கம் பாட்டி வாழ்ந்த தோட்டத்துக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு போய், பாட்டியையும் அவர் வயதுக்காரர்கள் இன்னும் பலரையும் பேச வைத்தேன். பால்மரக் காடு, பெரட்டு, கங்காணி, லயத்துச் சண்டை, தீமிதி என்று மொத்தம் நாற்பது மணி நேரம். அதிலிருந்து இருபது நிமிடத்தை மட்டும் வெட்டி ஒட்டி ஓர் ஆவணத் தொகுப்பாக்கி, மதிப்பெண்ணும் வாங்கிக்கொண்டேன். மிச்சத்தை 'அப்புறம் கேட்கலாம்' என்று ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்தேன். அந்த 'அப்புறம்' வருவதற்குள் பேசியவர்களில் பெரும்பாலோர் காலமாகிவிட்டார்கள். தோட்டத்தில் இப்போது லயங்களும் இல்லை, செம்பனைதான் நிற்கிறது.

அலமாரியிலிருந்து டிஸ்க்கை எடுத்து மடிக்கணினியில் சொருகினேன். அடைவு திறக்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. பாட்டியின் கோப்புகளைப் பிரதியெடுக்கப் போட்டேன். முதல் இரண்டும் ஓடின. மூன்றாவதில் பாதியில் நின்றுவிட்டது. பச்சைப் பட்டை அசையவில்லை. டிஸ்க் மட்டும் உள்ளே 'டிக்… டிக்' என்று ஏதோ முயற்சி செய்துகொண்டிருந்தது.

எனக்கு ஒலிநாடா காலம் லேசாக நினைவிருக்கிறது. கேசட் கெட்டுப்போகும்போது சொல்லிவிட்டுத்தான் கெட்டுப்போகும். முதலில் குரல் மங்கும், பிறகு இழுக்கும், இரைச்சல் கூடும். நாமும் சுதாரித்து வேறொரு கேசட்டில் ஏற்றிக்கொள்வோம். ஹார்ட் டிஸ்க்கில் அந்தப் படிப்படியான தேய்வு காதுக்குக் கேட்காது. நேற்று வரை துல்லியமாக ஒலித்தது, இன்று திறக்கவே மறுக்கும். ஆனால் டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றி ஒரு நாட்குறிப்பை உள்ளே எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. அதை நாம் படிப்பதில்லை, அவ்வளவுதான். அந்த நாட்குறிப்பை எப்படிப் படிப்பது என்பதை இரண்டு வாரம் திண்டாடிக் கற்றுக்கொண்டதால்தான் இந்தக் கட்டுரை.

என் மடிக்கணினியைப் பற்றி ஒரு வார்த்தை. 2015இல் வாங்கியது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தபோது, விண்டோஸ் 11 இந்தக் கணினிக்கு ஒத்துவராது என்று தெரிந்தது. நல்ல நிலையில் இருப்பதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. பினாங்கில் பொறியியலாளராக இருக்கும் என் தம்பி வந்து லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். இலவசம், வேகம், ஒரு தொல்லையும் இல்லை. அதே காரணத்துக்காக லினக்ஸுக்கு மாறிய வீடுகள் நம்மிடையே இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும்.

தம்பியை அழைத்தேன். வேலையில் இருந்தான். "அக்கா, காப்பி பண்றத மொதல்ல நிறுத்து. திரும்பத் திரும்ப ட்ரை பண்ணாத. டிஸ்க் எப்படி இருக்குன்னு மட்டும் பாரு. சாயங்காலம் கூப்பிடுறேன்" என்று சொல்லி, செய்ய வேண்டியதைக் கைப்பேசியில் எழுதி அனுப்பினான்.

எந்த டிஸ்க் என்று முதலில் தெரிய வேண்டும்

லினக்ஸில் டெர்மினல் என்று ஒரு கறுப்புத் திரை உண்டு. பார்த்தவுடன் பயமாக இருக்கும், இருக்க வேண்டியதில்லை. கட்டளைகள் எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்துகள். நேயர்களுக்குத் தொலைபேசி எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லிப் பழகியவள் என்பதால், இங்கேயும் அப்படியே எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன்.

முதல் கட்டளை: எல், எஸ், பி, எல், கே. ஐந்தே எழுத்து. கணினியோடு இணைந்திருக்கும் எல்லா டிஸ்க்குகளையும் அவற்றின் கொள்ளளவோடு வரிசையாகக் காட்டும். என் கணினியில் எஸ்டிஏ என்று ஒன்று 223.6 ஜிபி. அது உள்ளே இருப்பது. எஸ்டிபி என்று இன்னொன்று 931.5 ஜிபி. ஒரு டெராபைட் வாங்கினோமே, மீதி எங்கே என்று கேட்காதீர்கள். விற்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கணினி 1,024ஆல் வகுக்கிறது. யாரும் ஏமாற்றவில்லை.

இந்தப் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாக் கட்டளைகளிலும் அதுதான் நோயாளியின் பெயர். பெயர் மாறிவிட்டால் நல்ல டிஸ்க்கின் மேல் கைவைத்துவிடுவோம். கணினியை மூடித் திறந்தாலோ, வேறு துளையில் சொருகினாலோ எஸ்டிபி எஸ்டிசி ஆகிவிடக்கூடும். ஒவ்வொரு முறையும் அந்த ஐந்தெழுத்தைத் தட்டிச் சரிபார்ப்பது நல்லது.

அடுத்து, ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவசத் தொகுப்பை நிறுவ வேண்டும். மின்ட், உபுந்து இரண்டிலும் மென்பொருள் அங்காடியிலேயே தேடலாம். 2002இல் தொடங்கப்பட்டு இன்றுவரை பராமரிக்கப்படுகிற மென்பொருள் இது. அதற்குள் இருக்கும் முக்கியமான கட்டளை ஸ்மார்ட்கன்ட்ரோல். தட்டச்சு செய்யும்போது எஸ், எம், ஏ, ஆர், டி, சி, டி, எல். முன்னால் சூடோ, அதாவது எஸ், யு, டி, ஓ, சேர்க்க வேண்டும். 'நான்தான் இந்தக் கணினியின் பொறுப்பாளர்' என்று சொல்லும் சொல் அது, கடவுச்சொல் கேட்கும்.

பிறகு ஹைபன் போட்டுச் சிறிய ஐ, ஓர் இடைவெளி, சாய்கோடு டெவ் சாய்கோடு எஸ்டிபி. இது டிஸ்க்கின் அடையாள அட்டை. எந்த நிறுவனம், எந்த மாடல், வரிசை எண், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எல்லாம் வரும். என்னுடையது 5,400 சுற்று.

எல்லாம் வரும் என்று சொன்னேனே தவிர, எனக்கு முதலில் வரவில்லை. யூஎஸ்பி பாலத்தைத் தெரியவில்லை என்று ஒரு பிழைச் செய்தி வந்தது. வெளி ஹார்ட் டிஸ்க் என்பது ஒரு பெட்டிக்குள் இருக்கும் சாதாரண டிஸ்க்தான். பெட்டியில் உள்ள ஒரு சிறு சில்லுதான் இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர். அந்த மொழிபெயர்ப்பாளரைத் தாண்டிப் பேச, ஹைபன் டி, இடைவெளி, எஸ், ஏ, டி என்று கட்டளையில் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் விவரம் கொட்டியது. சில பெட்டிகளில் இதுவும் பலிக்காது. அப்போது டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போடுவதைத் தவிர வழி குறைவு.

'பாஸ்ட்' என்று சொன்னதை நம்பினேன்

அடையாள அட்டைக்குப் பிறகு உடல்நிலை. ஹைபன் போட்டுப் பெரிய எச். ஒரே வரியில் பதில்: 'பாஸ்ட்'. தேர்ச்சி!

எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா? டிஸ்க்கில் குறையில்லை, கம்பியிலோ கணினியிலோதான் ஏதோ கோளாறு என்று முடிவே கட்டிவிட்டேன். அந்த உற்சாகத்தில், தம்பி எழுதிய பட்டியலில் கடைசியில் இருந்த ஒன்றை முதலில் செய்தேன். ஹைபன் டி, இடைவெளி, லாங். நீண்ட பரிசோதனை. டிஸ்க் தன்னை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரு இடம் விடாமல் தானே படித்துப் பார்க்கும் பரிசோதனை இது. குறுகிய பரிசோதனை இரண்டு நிமிடத்தில் முடியும். ஒரு டெராபைட் டிஸ்க்கில் நீண்டது சில மணி நேரம் எடுக்கும். போட்டுவிட்டுச் சமைக்கப் போய்விட்டேன்.

மாலை தம்பி அழைத்தான். சொன்னேன். ஒரு கணம் பேச்சில்லை.

"அக்கா, நெஞ்சு வலின்னு வந்தவங்கள யாராச்சும் மாரத்தான் ஓடச் சொல்வாங்களா? மொதல்ல அதை நிறுத்து."

பரிசோதனையை நிறுத்த ஹைபன் போட்டுப் பெரிய எக்ஸ். நிறுத்தினேன். நீண்ட பரிசோதனை நல்ல டிஸ்க்குக்கு நல்லது. ஆண்டுக்கு ஓரிரு முறை செய்யலாம். ஆனால் ஏற்கெனவே தடுமாறுகிற டிஸ்க்கில், அதுவும் வேறு பிரதியே இல்லாத கோப்புகள் அதில் இருக்கும்போது, அதற்கு மிச்சமிருக்கும் மூச்சைப் பரிசோதனைக்குச் செலவழிக்கக் கூடாது. பிரதியெடுக்கத்தான் செலவழிக்க வேண்டும்.

"பாஸ்ட்டுன்னுதானே போட்டிருக்கு?" என்று நான் விடவில்லை.

"பெரிய ஏ போட்டுப் பாரு."

ஹைபன், பெரிய ஏ. திரையில் ஓர் அட்டவணை விரிந்தது. இதுதான் நான் சொன்ன நாட்குறிப்பு. ஸ்மார்ட் என்று பெயர். தன்னைத் தானே கண்காணித்து, ஆராய்ந்து, அறிக்கை தரும் தொழில்நுட்பம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 1990களிலிருந்து டிஸ்க் தயாரிப்பாளர்கள் உள்ளேயே வைத்து அனுப்புகிறார்கள்.

ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண், ஒரு பெயர், பிறகு சில பத்திகள். அதில் 'மதிப்பு' என்ற பத்தி பள்ளிக்கூட மதிப்பெண் மாதிரி. பெரும்பாலும் நூறிலிருந்தோ இருநூறிலிருந்தோ தொடங்கிக் கீழே இறங்கும். பக்கத்திலேயே அபாயக் கோடு. மதிப்பு அந்தக் கோட்டைத் தொட்டால்தான் 'ஃபெயில்ட்' என்று வரும். கோட்டை வரைந்தவர் யார்? அந்த டிஸ்க்கைத் தயாரித்தவரேதான். தன் பிள்ளைக்குத் தானே கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியர் மாதிரி, தேர்ச்சிக் கோட்டை மிகத் தாழ்வாகத்தான் போட்டிருப்பார். என் டிஸ்க்கில் மதிப்பு இன்னும் நூறு, கோடு பத்து. அதனால் 'பாஸ்ட்'.

பார்க்க வேண்டியது கடைசிப் பத்தி. அங்கேதான் கச்சா எண்ணிக்கை இருக்கும். எல்லா வரிகளையும் பார்த்துக் குழம்ப வேண்டாம். சில வரிகளில் நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு வேறு. முதல் வரியான படிப்புப் பிழை விகிதத்தில் சில டிஸ்க்குகள் கோடிக்கணக்கில் ஓர் எண்ணைக் காட்டும். அது இயல்புதான், மயங்கி விழ வேண்டாம். நான் கற்றுக்கொண்ட வரையில் சாதாரண வீட்டுக்காரர் கவனிக்க வேண்டியவை சிலதான்.

ஐந்தாம் எண், இடம் மாற்றப்பட்ட செக்டர்கள். டிஸ்க்கின் பரப்பு கோடிக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கட்டமும் ஒரு செக்டர். ஒரு கட்டம் கெட்டுவிட்டால் டிஸ்க் அதை ஒதுக்கிவிட்டு, இதற்கென்றே வைத்திருக்கும் உதிரி இடத்தில் ஒன்றைப் பயன்படுத்திக்கொள்ளும். எத்தனை முறை அப்படிச் செய்தது என்பதே இந்த எண்ணிக்கை. என்னுடையதில் 8.

நூற்றுத் தொண்ணூற்றேழாம் எண்தான் என்னை உட்கார வைத்தது. 'நிலுவையில் உள்ள செக்டர்கள்'. டிஸ்க் ஓர் இடத்தைப் படிக்க முயன்று முடியாமல் போய், இது செத்ததா பிழைத்ததா என்று முடிவு செய்ய முடியாமல் வைத்திருக்கும் பட்டியல். ஐந்தாம் எண் ஆறிப்போன தழும்பு என்றால் இது இரத்தம் கசியும் காயம். அதில் இருக்கும் தரவு இந்த நிமிடம் நம் கையில் இல்லை. என்னுடையதில் 24. நூற்றுத் தொண்ணூற்றெட்டும் ஏறக்குறைய இதே குடும்பம். படிக்கவே முடியாதவற்றின் கணக்கு.

நூற்றுத் தொண்ணூற்றொன்பது வேறு கதை. டிஸ்க்குக்கும் கணினிக்கும் நடுவில் தரவு சிதைந்தால் ஏறும் எண் இது. பெரும்பாலும் குற்றவாளி கம்பிதான். இது மட்டும் ஏறியிருந்தால் சில ரிங்கிட்டில் கம்பியை மாற்றிப் பாருங்கள். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, அங்கே சுழியம்.

ஒன்பதாம் எண், டிஸ்க் இயங்கிய மொத்த நேரம். என் டிஸ்க் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் என்னோடு இருக்கிறது. ஆனால் ஓடியது 2,314 மணி நேரம்தான். கணக்குப் போட்டால் நூறு நாள்கூட இல்லை. 'அதிகம் பயன்படுத்தவில்லையே, அலமாரியில்தானே இருந்தது' என்று நாம் சொல்லும் சமாதானம் எவ்வளவு பொய் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இருபத்து நான்கு செக்டர் என்பது எவ்வளவு? ஒரு செக்டர் 4,096 பைட் என்று வைத்தால் ஒரு டெராபைட்டில் ஏறத்தாழ 244 மில்லியன் செக்டர்கள். அதில் 24. தூசிகூட இல்லை. ஆனால் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், பரப்பைப் படிக்கும்போது முதல் பிழை காட்டிய டிஸ்க், பிழையே காட்டாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாள்களில் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஆக, நாட்குறிப்பில் மோசமான செய்தி இருந்தால் நம்ப வேண்டும். நல்ல செய்தி இருந்தால் முழுதாக நம்பிவிடக் கூடாது.

நம் ஊர் வெப்பத்தைப் பற்றியும் கேட்பீர்கள். நூற்றுத் தொண்ணூற்று நான்காம் எண் வெப்பநிலை. என்னுடையது 41 டிகிரி. அந்த ஆய்வு வெப்பத்துக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பைக் காணவில்லை. மின்விசிறி போட்டால் போதும், குளிர்பதனப்பெட்டியில் வைக்க வேண்டாம். நகைச்சுவைக்குச் சொல்லவில்லை, என் தோழி ஒருத்தி அப்படிச் செய்தவள்.

கடைக்காரர் சொன்னதும் தம்பி சொன்னதும்

நடுவில் ஒரு நாள், வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கணினிக் கடையில் காட்டினேன். பெயர் வேண்டாம். டிஸ்க்கை வாங்கி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இதை ஸ்கேன் செய்து ரிப்பேர் போட்டால் சரியாகிவிடும்" என்றார். இன்னோர் இடத்தில் தரவு மீட்புக்கு விலை கேட்டேன். தொடங்குவதே நான்கு இலக்கத்தில்.

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். பழுது பார்க்கும் கட்டளைகள் கோப்பு முறையைச் சீர்செய்வதற்காக டிஸ்க்கின் மேல் எழுதக்கூடியவை. சாகக் கிடக்கிற டிஸ்க்கில் எதையும் எழுதக் கூடாது. படிக்க மட்டும்தான் வேண்டும். கட்டளை எதுவானாலும், 'இது எழுதுமா, படிக்குமா?' என்று முதலில் கேட்டுக்கொள்ளச் சொன்னான். நான் தட்டிய ஸ்மார்ட்கன்ட்ரோல் கட்டளைகள் எதுவும் கோப்புகளைத் தொடுபவை அல்ல. பேட்பிளாக்ஸ் என்று ஒரு கட்டளை உண்டு. அதைச் சிறிய டபிள்யூ சேர்த்துப் போட்டால், சோதிக்கிறேன் என்று சொல்லி டிஸ்க் முழுவதையும் அழித்துவிடும். இணையத்தில் யாரோ எழுதியதைப் பார்த்து அப்படியே தட்டுகிற பழக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும்.

இரண்டு டெராபைட்டில் ஒரு புது டிஸ்க் வாங்கினேன். முந்நூறு ரிங்கிட்டுக்கு மேல் ஆனது. பத்து வருடத்துக்கு முன்பே செலவழித்திருக்க வேண்டிய பணம். அதை லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 முறையில் வடிவமைத்துக்கொண்டேன். பழையதை அன்மவுன்ட் செய்து, டிடிரெஸ்க்யூ என்ற கருவியை நிறுவினேன். மின்ட்டில் அந்தத் தொகுப்பின் பெயருக்கு முன்னால் ஒரு ஜி கூடுதலாக இருக்கும்.

இந்தக் கருவியின் புத்திசாலித்தனம் எனக்குப் பிடித்துப் போனது. நாம் சாதாரணமாகப் பிரதியெடுக்கும்போது, கெட்ட இடம் வந்ததும் டிஸ்க் அங்கேயே மல்லுக்கட்டி நிற்கும். கணினியும் 'இன்னொரு முறை படி, இன்னொரு முறை படி' என்று உயிரை வாங்கும். என் பச்சைப் பட்டை நின்றது அதனால்தான். டிடிரெஸ்க்யூ அப்படியல்ல. கெட்ட இடம் வந்தால் தாண்டிப் போய், நல்ல இடங்களை எல்லாம் முதலில் அள்ளிக்கொண்டுவிடும். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைக்கும். பிறகுதான் விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். மின்சாரம் போனாலும் வரைபடம் இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கட்டளையில் மூன்று பெயர்கள் வரும்: பழைய டிஸ்க், புதிய டிஸ்க்கில் உருவாகப் போகும் படிமக் கோப்பு, வரைபடக் கோப்பு. இந்த வரிசையை மாற்றவே கூடாது. அதற்கு முன்னால் ஹைபன் டி, ஹைபன் ஆர் மூன்று. ஆர் மூன்று என்றால் கெட்ட இடங்களை மூன்று முறை மறுபடி முயல வேண்டும் என்று பொருள். தம்பி கைப்பேசிக் காணொளியில் என் திரையை மூன்று முறை படித்துப் பார்த்த பிறகுதான் என்டர் தட்ட விட்டான்.

இரவு பத்து மணிக்குத் தொடங்கியது. மறுநாள் காலை நிகழ்ச்சிக்கு நான் நாலரைக்கு எழ வேண்டும். தூக்கம் வரவில்லை. திரையில் 'மீட்கப்பட்டது' என்ற விழுக்காடு ஏறிக்கொண்டே இருந்தது. கெட்ட பகுதி வரும்போதெல்லாம் டிஸ்க் அந்த 'டிக்… டிக்' சத்தம் போடும். ஒலிப்பதிவுக் கூடத்தில் எத்தனையோ சத்தங்களை வடிகட்டியிருக்கிறேன். இந்தச் சத்தத்துக்கு மட்டும் வயிறு பிசைந்தது. நாற்பது மணி நேரக் குரல்கள், மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி. மொத்த டிஸ்க்கில் அது இருபதில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் பழைய திரைப்படங்களும், யாருடைய திருமணத்தில் எடுத்தது என்றே தெரியாத படங்களும்.

நாலரைக்கு எழுந்து பார்த்தேன். 99.99 விழுக்காடு. மறுமுயற்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. வேலை முடிந்து மதியம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இருபத்து நான்கு செக்டர்களில் ஏழு திரும்ப வந்திருந்தன. பதினேழு வரவில்லை.

உங்கள் கணினியில் என்ன பார்க்கலாம்

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, கறுப்புத் திரையே வேண்டாம் என்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மின்ட்டிலும் உபுந்துவிலும் 'டிஸ்க்ஸ்' என்று ஒரு செயலி இருக்கும். இடப் பக்கம் உங்கள் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் 'ஸ்மார்ட் டேட்டா' என்று ஒரு வரி. அதே அட்டவணை அழகாக வரும். யூஎஸ்பி டிஸ்க்குகளுக்குப் பல நேரம் அந்த வரி மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கும். அப்போது மட்டும் டெர்மினலுக்குப் போகலாம்.

இப்போதைய மடிக்கணினிகளில் சுழலும் டிஸ்க் இருக்காது; எஸ்எஸ்டிதான். குறிப்பாக என்விஎம்இ வகையில் அட்டவணை வேறு, புரிந்துகொள்ளவும் எளிது. 'பயன்படுத்தப்பட்ட விழுக்காடு' என்று ஒரு வரி: தயாரிப்பாளர் எதிர்பார்த்த ஆயுளில் எவ்வளவு எழுதித் தீர்த்தோம் என்பது. நூறைத் தாண்டியும் சில ஓடும், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். 'கைவசமுள்ள உதிரி' குறைந்துகொண்டே வந்தாலோ, 'மீடியா பிழைகள்' சுழியமாக இல்லாவிட்டாலோ உஷார். அலுவலகக் கோப்புகளை எல்லாம் ஒரே எஸ்எஸ்டியில் வைத்துக்கொண்டு 'இதில் சுழலும் பாகமே இல்லையே' என்று சொல்லும் என் சக பணியாளர்களுக்கு: எஸ்எஸ்டி போகும்போது அந்த 'டிக்' சத்தம்கூடக் கேட்காது. அதோடு, எஸ்எஸ்டியில் குடும்பப் படங்களைப் போட்டு ஆண்டுக்கணக்கில் மின்சாரமே காட்டாமல் அலமாரியில் வைப்பதும் சரியல்ல. அது அதற்காகச் செய்யப்பட்டதில்லை.

நினைவில் வைத்துப் பார்க்க முடியாது என்பவர்களுக்கு, அதே ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பில் ஸ்மார்ட்டி என்று ஒரு காவலாளி உண்டு. எஸ், எம், ஏ, ஆர், டி, டி. பின்னணியில் இருந்து அரை மணிக்கு ஒரு முறை டிஸ்க்கைப் பார்த்து, ஐந்தோ நூற்றுத் தொண்ணூற்றேழோ அசைந்தால் குறித்து வைக்கும். என் கணினியில் இப்போது அவர் வேலையில் இருக்கிறார். குரல் பதிவுகள் மூன்று இடத்தில் இருக்கின்றன: புது டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று, பினாங்கில் தம்பி வீட்டில் ஒன்று.

சரி, அந்தப் பதினேழு செக்டர்.

படிமக் கோப்பைப் புது டிஸ்க்கிலிருந்து 'டிஸ்க் இமேஜ் மவுன்டர்' மூலம் திறந்தேன். எழுத முடியாத, படிக்க மட்டுமே கூடிய நிலையில் அது திறக்கிறது. பழைய அடைவுகள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு குரலாகத் திறந்து கேட்டேன். பதினேழு செக்டர் என்றால் ஏறத்தாழ 70 கிலோபைட். என் பதிவின் தரத்தில் அது கால் விநாடிக்கும் குறைவு. நேரலையில் கால் விநாடி மௌனம் விட்டால் நேயர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள். அது யாருடைய பேச்சில், எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி.

முதலில் நின்றுபோன அதே கோப்புதான். பாட்டியின் மூன்றாவது பதிவு. விடியற்காலை பெரட்டுக்குப் போகும்போது என்னென்ன எடுத்துக்கொண்டு போவார்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். இருபத்திரண்டு வயதில் என் குரல் கீச்சென்று இருக்கிறது. பாட்டி நிதானமாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்: "கத்தி இருக்கும், வாளி ரெண்டு, அப்புறம்…" ஒரு வெற்றிடம். உடனே "…டா, வெளக்கு, பசியாற ரொட்டி."

எனக்கு அந்த 'டா' மட்டும் புரியவில்லை. பாட்டி என்னை டா போட்டுக் கூப்பிட்டதே இல்லை. பத்து முறை கேட்டேன். ஒலியலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த இடத்தில் நேர்க்கோடு. எந்த மென்பொருளாலும் அங்கே இல்லாததைக் கொண்டு வர முடியாது.

திதியன்று சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது போட்டேன். சின்னப் பிள்ளைகள்கூடச் சத்தமில்லாமல் இருந்தார்கள். கத்தி, வாளி ரெண்டு, அப்புறம், வெற்றிடம், டா.

"காண்டா" என்றார் பெரியப்பா, கண்ணைத் திறக்காமலேயே. "காண்டா கம்பு. தோள்ல போட்டு ரெண்டு பக்கமும் வாளியைத் தொங்கவிடுறது. அம்மாவுக்கு எடது தோள்ல அந்தக் காய்ப்பு கடைசி வரைக்கும் இருந்துச்சே, நீ பாத்ததில்ல?"

பார்த்திருக்கிறேன். என்னவென்று கேட்டதில்லை. பெரியப்பாவுக்கு எழுபத்தாறு வயது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவுக் கருவியோடு வருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.